சுண்ணாம்புப் பொட்டு வைத்த கும்பிடுபூச்சிகள்

கேள்வி முடிந்தவர்களை அந்தக் குடிலில் வைத்துக்கொள்வதில்லை. அங்கே இருந்தது அந்த ஒரு சட்டம்தான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், நாலு ஓட்டுக் கூரையும் ஒரு தோட்டமுமாகக் குடில் இருந்தது. வருகிறவர் ஒரு கேள்வியோடு வர வேண்டும். அது தீரும்வரை இருக்கலாம். எத்தனை வருஷம் ஆனாலும் சோறு உண்டு. தீர்ந்துவிட்டால் மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், நிம்மதி தேடி வந்தேன் என்பவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, பஸ் நேரம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

குடிலின் குரு வடிவாம்பிகை. வயது நாற்பத்து நாலு. தலை நரைக்கவில்லை, தாடி வளர்க்க வழியில்லை, ஆனாலும் குரு அவர்தான். எல்லோருக்கும் அவர் வடிவம்மா.

சீடர் தெய்வச்சிலைக்கு அறுபத்தொன்று. திருப்புல்லாணிப் பக்கத்துக்காரர். முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். வந்த அன்றைக்கே யாரும் சொல்லாமல் அடுப்படிக்குள் நுழைந்து, பருப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சாம்பார் வைத்துவிட்டார். குடில்காரர்கள் அதைச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கேள்வி சீக்கிரம் தீர வேண்டும் என்று அங்கே யாரும் ஆசைப்படவில்லை.

அவர் கொண்டுவந்த கேள்வி கும்பிடுபூச்சியைப் பற்றியது.

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று வடிவம்மா கேட்டார். இதற்காகத்தான் என்றார் தெய்வச்சிலை. கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். சரி, சொல்லுங்கள் என்று வடிவம்மா உட்கார்ந்துகொண்டார்.

சொல்லச் சொன்னால் போதும், மனிதர் அளக்க ஆரம்பித்துவிடுவார். கப்பல் துறைமுகத்தில் நின்றால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். தெய்வச்சிலை செடி கொடி இருக்கிற பக்கமாகப் போவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இருபது நாள் தண்ணீரையே பார்த்த கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். பினாங்கில் ஒரு செடியின் இலை மேல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பூ இருந்தது. தேனீ ஒன்று அதில் உட்கார வந்தது. பூ கையை நீட்டித் தேனீயைப் பிடித்துத் தின்றது. தெய்வச்சிலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வேறு பூவே இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். அது பூக்களுக்கு நடுவே ஒளியவில்லை, தானே பூவாக நின்று ஆள் பிடித்திருக்கிறது.

அன்றிலிருந்து போகிற ஊரெல்லாம் அதே வேலை. மடகாஸ்கரில் சுருண்டு காய்ந்த சருகு ஒன்று தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பனாமாவில் கழுத்துக்குப் பின்னால் அகலமான இலையை விரித்துக்கொண்டு ஒன்று. ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்து, கை வைக்கப் போனதும் மரத்தின் மறுபக்கத்துக்கு ஓடிய ஒன்று. ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே புல்வெளி எரிந்து கரியாகக் கிடந்தது. அங்கே இருந்தவை கரி நிறத்தில் இருந்தன. முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுகள் எறும்பு வேஷம் போடுவதையும் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒரு நோட்டில் இருந்தன. முன்பக்கம் அரிசி பருப்புக் கணக்கு, பின்பக்கம் பூச்சிப் படம்.

"இப்ப என் கேள்வி இதுதாம்மா. அந்தப் பூச்சி தன் முதுகைப் பார்த்ததே இல்லை. கண்ணாடி இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அப்புறம் எப்படி அந்தந்த ஊர்ச் சருகு மாதிரியே, பூ மாதிரியே இருக்கு? அதை வரைஞ்சது யாரு?"

 நல்ல கேள்விதான், இருங்கள் என்றார் வடிவம்மா.

தெய்வச்சிலை இருந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம் இருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நெல்லைக்காரர் ஒருவர் வந்தால் நெல்லைப் பேச்சுப் பேசினார். மலையாளி வந்தால் மலையாளம் பேசினார். இருக்கிற இடமே தெரியாமல் இருந்தார்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையில் குடிலின் செல்போன் அடிக்கும். திருப்புல்லாணியிலிருந்து அவர் மனைவி இருளாயி. அந்தம்மா நலம் விசாரிப்பதில்லை, கண்ணீர் விடுவதில்லை. ஒரே ஒரு கேள்வி.

"அந்த ஆளு கேள்வி முடிஞ்சிருச்சா?"

இன்னும் இல்லைம்மா என்பார் வடிவம்மா. சரி என்று போனை வைத்துவிடுவார் இருளாயி. அடுப்படியில் கரண்டி சத்தம் அதுவரை நின்றிருக்கும். பிறகு மறுபடி கேட்கத் தொடங்கும்.

ஒன்பதாவது மாதம் ஒரு காலையில் வடிவம்மா அவரைக் கூப்பிட்டு, அடுப்படிக்குப் பின்னால் நின்ற காய்ந்த முட்செடியைக் காட்டினார். தெய்வச்சிலை தினமும் சாம்பல் கொட்டுகிற இடம் அது. இதில் ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்றார்.

தெய்வச்சிலை பார்த்தார். உலகம் சுற்றிய கண்ணாயிற்றே, சும்மா விடுமா? கிளை கிளையாகத் தேடினார். உள்ளே சோறு குழைந்துபோகிற வாசனை வந்தது, அதையும் விட்டுவிட்டார். கடைசியில் காற்று நின்ற பிறகும் ஒரு குச்சி மட்டும் ஆடியது. குச்சிக்குக் கழுத்து இருந்தது. சருகுத் துணுக்குகள் என்று நினைத்தது அதன் தொடைகள். விரல் நீளத்துக்கு, காய்ந்த கட்டையின் நிறத்தில், பழைய வயலின் ஒன்றைப் போன்ற உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் இதன் பக்கத்தில் சாம்பல் கொட்டியிருக்கிறேனே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நம்ம தோட்டத்துல மொத்தம் எத்தனை இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார் வடிவம்மா.

தெரியாது என்றார். எண்ணிப் பாருங்களேன் என்று சொல்லிவிட்டு வடிவம்மா போய்விட்டார்.

எண்ணுவதென்றால் தெய்வச்சிலைக்குக் கைவந்த வேலை. ஆனால் இது அரிசி மூட்டை இல்லையே. முதல் நாள் ஒன்பது வந்தது. இரண்டாம் நாள் பதினாலு. மூன்றாம் நாள் ஆறு. பார்த்ததையே மறுபடி பார்த்தாரா, பார்க்காமலே விட்டாரா, ஒன்றும் புரியவில்லை. ராத்திரி படுத்தாலும் பச்சை பச்சையாகக் கண்ணுக்குள் ஊர்ந்தது.

வடிவம்மா ஒரு வேலையாக மதுரைக்குப் போன அன்று அவருக்கு யோசனை வந்தது. கப்பலில் சமையலுக்கான சரக்கு ஏறும்போது, எண்ணி முடித்த மூட்டையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார்கள். கோடு போட்டதை மறுபடி எண்ணக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அவர் கோடு போட்டு எண்ணிய கணக்கில் ஒரு மூட்டை குறைந்ததில்லை. இங்கே சாக்கட்டி எடுபடாது. ஆனால் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது.

ஈர்க்குச்சி முனையில் சுண்ணாம்பைத் தொட்டு, கண்ணில் பட்ட ஒவ்வொரு கும்பிடுபூச்சியின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், இறக்கை ஒட்டிக்கொள்ளாமல், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல. சாயங்காலத்துக்குள் பதினேழு. அதற்கு மேல் எவ்வளவு தேடியும் பொட்டில்லாத ஒன்று கிடைக்கவில்லை. கணக்கு முடிந்தது. அன்றைக்கு ரசத்தில் பூண்டு கூடுதலாகத் தட்டிப் போட்டார், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை துணி காயப்போடும் கம்பியில் இரட்டைவால் குருவிகள் உட்கார்ந்திருந்தன. எப்போதும் ஒரு ஜோடிதான் வரும். அன்றைக்கு ஐந்து. ஒவ்வொன்றும் பறந்து கீழே போய், செடியில் ஒரு கொத்துக் கொத்தி, கம்பிக்குத் திரும்பியது. தெய்வச்சிலை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்து, என்ன கூட்டம் இது என்று நினைத்துக்கொண்டே தாளித்தார். துணி எடுக்கப் போனபோதுதான் கம்பிக்குக் கீழே பார்த்தார்.

தரையில் பச்சை இறக்கைகள் கிடந்தன. அவற்றில் வெள்ளைப் பொட்டு இருந்தது.

ஓடிப்போய்த் தோட்டம் முழுக்கத் தேடினார். கையைத் தட்டினார், குருவிகளைப் பார்த்துக் கத்தினார். அதுகளுக்கு என்ன, அந்தக் கம்பியிலிருந்து பக்கத்து மரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. இவர் ஓய்ந்ததும் திரும்பி வந்தன. மறுநாளும் வந்தன.

வடிவம்மா ஊரிலிருந்து வந்தபோது தெய்வச்சிலை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். முறத்தில் இறக்கைகள் இருந்தன. பதினொரு பூச்சிகளின் இறக்கைதான் கிடைத்தது, மற்ற ஐந்தின் இறக்கை எங்கே விழுந்ததோ. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"நான் கொன்னுட்டேம்மா. எண்ணுறேன் எண்ணுறேன்னு எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

வடிவம்மா அவரைத் தேற்றவில்லை. பொட்டு வைத்தது தப்புத்தான் என்றார். பிறகு பதினேழில் பதினாறுதானே போயிற்று, மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்டார். அது கிணற்றடியை ஒட்டி நந்தியாவட்டைச் செடியில் இருந்தது. பூத்துக் குலுங்குகிற செடி. அத்தனை வெள்ளைக்கு நடுவே அந்த வெள்ளைப் பொட்டைப் பூவென்றே விட்டிருந்தன குருவிகள்.

"புத்திசாலி. இடம் பார்த்து உக்கார்ந்திருக்கு" என்றார் தெய்வச்சிலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தன் முதுகுல பொட்டு இருக்கிறது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"செத்த பதினாறுக்கு?"

"தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரிஞ்சுது?"

தெய்வச்சிலை கம்பியைப் பார்த்தார். 

பினாங்கு, மடகாஸ்கர், பனாமா எல்லாம் ஒரே நேரத்தில் அவர் மண்டைக்குள் ஓடின. சருகு போல இல்லாதது ஒன்று அங்கேயும் இருந்திருக்கும். அதை ஒரு குருவி பார்த்திருக்கும். பூ போல இல்லாததிடம் தேனீ வந்திருக்காது, அது பட்டினி கிடந்திருக்கும். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், ஆயிரம், லட்சம் வருஷம். பார்வைக்குத் தப்பியது மட்டும் முட்டையிட்டிருக்கும். பூச்சியை வரைந்தது பூச்சி இல்லை. அதைத் தின்ன வந்த கண்தான் உட்கார்ந்து, அலகால் அழித்து அழித்து, இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறது.

 முப்பது வருஷத்துக் கேள்வி. ஆகா என்று சொல்லப்போனார்.

சொல்லவில்லை. கேள்வி தீர்ந்தால் நாளைக் காலை பஸ் என்பது ஞாபகம் வந்துவிட்டது. 

"எரிஞ்ச புல்லுல கறுப்பா இருந்ததே ஒண்ணு, அது எப்படிம்மா?" என்று கேட்டார். "தீ எப்பவோ ஒருக்கதான் வருது. அந்தப் பூச்சி தோலை உரிச்சதும் நிறம் மாத்திக்கிடுதுன்னு அந்த ஊர்க்காரங்க சொன்னாங்க. அதைக் குருவி வரைஞ்சிருக்க முடியாதே?"

கேட்ட பிறகுதான், குருவி என்று தானே சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது.

"மாறத் தெரியாததை அந்தத் தீக்குப் பிறகு யாராவது பார்த்தீங்களா?" என்றார் வடிவம்மா.

தெய்வச்சிலை தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். அவர் சொன்ன முதல் பொய் அது. வடிவம்மா முறத்தை வாங்கி, இறக்கைகளைச் செடியடியில் கொட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் போயிற்று. அந்த நாலு நாளும் தெய்வச்சிலை பிரமாதமாகச் சமைத்தார். அவியல் வைத்தார், பணியாரம் சுட்டார். கேள்வியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அஞ்சாம் நாள் அமாவாசை. காலையில் போன் அடித்தது. வடிவம்மா எடுக்காமல் அதைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தார்.

"நீங்களே சொல்லிடுங்க அண்ணாச்சி. இன்னும் முடியலைன்னு என்னால இந்தத் தடவை சொல்ல முடியாது."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெய்வச்சிலை ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"அந்த ஆளு கேள்வி முடிஞ்சிருச்சா?" என்றது இருளாயியின் குரல்.

 ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. 

"நீங்கதானே?" என்றார் இருளாயி.

தெய்வச்சிலை போனை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான். சரி, அப்படியே நின்னுக்கிட்டு இருங்க. எனக்குப் பால் பொங்குது." போனை வைத்துவிட்டார்.

வெகு நேரம் கழித்து அவர் வடிவம்மாவிடம் வந்தார். வடிவம்மா நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தெய்வச்சிலையும் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தார். கையில் வேலை இருந்தால்தான் அவருக்கு வாய் வரும்.

கேள்வி தீர்ந்துவிட்டது, பொய் சொல்லிவிட்டேன் என்றார். தெரியும் என்றார் வடிவம்மா.

அதற்குப் பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் வீடு. வீட்டுக்குப் போனால் போட்டதைச் சாப்பிட்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி, கொண்டுபோன பெட்டியைக் காலி செய்துவிட்டு வருவார். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு இருந்தால் அவர்களைப் போல. வங்காளிகளோடு இருந்தால் அவர்களைப் போல. எங்கேயும் சண்டை கிடையாது, எங்கேயும் அவரை யாரும் கவனித்தது கிடையாது. வேலை முடிந்து ஒரேயடியாக வீட்டுக்குப் போனபோது, எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியவில்லை. நாற்பது நாள் சுவரோடு சுவராக இருந்தார். வீட்டில் ஆள் இருக்கிறதே தெரியவில்லையே என்று இருளாயி ஒரு நாள் சொன்னார். அன்றைக்கே ஒரு கேள்வி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

"அவ என்னைச் சரியாப் பார்த்துட்டான்னா, அங்க ஆளே இல்லைன்னு தெரிஞ்சுபோயிரும்மா. அதுக்குத்தான் பயம்."

வடிவம்மா களையை உதறிக் கூடையில் போட்டார்.

"இன்னைக்கு நீங்க என்ன பேசினீங்க?"

"ஒரு வார்த்தை பேசலை. ஆனா நான்தான்னு சொல்லிட்டா. எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் களை பிடுங்கினார்கள். செடியில் அந்தப் பூச்சி முன்கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. தெய்வச்சிலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள் பழைய அரிப்பு மறுபடி கிளம்பியது.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? இது தங்குறதுக்கு இல்லை, சும்மா தெரிஞ்சுக்க. குருவி கண்ணுக்கே தப்புற அளவுக்கு இது ஒளிஞ்சிருக்கே, இதோட ஜோடி இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அது கண்ணால தேடுறதில்லை அண்ணாச்சி. பெண்பூச்சி இருந்த இடத்துலயே இருக்கும். அதோட வாசனை காத்துல வரும். ஆண்பூச்சி அதைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு தூரம்னாலும் வரும்."

"இருட்டா இருந்தாலுமா?"

"இருட்டுலதான் அதிகம்."

தெய்வச்சிலை அதை யோசித்தார். நோட்டின் பின்பக்கத்தில் இத்தனை வருஷம் வரைந்ததில் ஒரு படத்தில்கூட இரண்டு பூச்சி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது. எழுந்து நின்று வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். காலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறே கால் என்றார் வடிவம்மா.

அடுப்படி வரை போனவர் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ஆண்பூச்சி பக்கத்துல போனதும் பெண்பூச்சி அதைத் தின்னுடுமே."

வடிவம்மா கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எல்லாத் தடவையும் இல்லை, அண்ணாச்சி."